10-4ன்னா என்ன சார்?

அமெரிக்காவுல போலீஸ் ரேடியோவை ஒட்டுக் கேக்கறதுக்குன்னே ஸ்கேனர்னு ஒரு பெட்டி கடையில விக்கறாங்க. பொழுதுபோகாதவங்க, பத்திரிகைக்காரங்க எல்லாம் வாங்கி வெச்சுக் கேப்பாங்க. கேட்டா பாதிக்கு மேல நம்பர்தான் வரும். "டென்-ஃபோர்", "டென்-ட்வென்டி"... இங்கிலீஷ் படத்துலயும் கேட்டிருப்பீங்க. சப்டைட்டில்லயும் "10-4"னுதான் போடுவான். விளங்கிடும்! :-)

10-4ன்னா "சரி, புரிஞ்சுது". 10-20ன்னா "இருக்கற இடம்". அவ்வளவுதான். 'ஓகே'ன்னு ஒரு நல்ல வார்த்தை இருக்கும்போது எதுக்கு நம்பர்? அதுலயும் எல்லா நம்பருக்கும் முன்னாடி எதுக்கு ஒரு 'பத்து'? திருடனுக்குப் புரியக்கூடாதுன்னு வெச்ச ரகசிய பாஷைன்னுதான் நானும் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன். இல்லவே இல்லை. காரணம் ஒரு மோட்டார்.

1928ல டெட்ராய்ட் போலீஸ் கார்ல ரேடியோ வெச்சாங்க. கேக்க மட்டும்தான் முடியும், பதில் பேச முடியாது. 1933ல நியூ ஜெர்சி மாநிலத்துல பயோன்ங்கிற ஊர்லதான் கார்ல இருந்து திருப்பிப் பேசற ரேடியோ வந்தது. அதுல ஒரு சிக்கல். வால்வு போட்ட டிரான்ஸ்மிட்டருக்கு நூத்துக்கணக்கான வோல்ட் வேணும். அந்தக் காலத்து கார் பேட்டரி குடுத்தது 6 வோல்ட். அதனால பேட்டரியில ஓடற ஒரு மோட்டார்-ஜெனரேட்டரைக் கூடவே வெச்சாங்க. மைக் பட்டனை அமுக்கினதும் அது சுத்த ஆரம்பிச்சு முழு சக்திக்கு வர ஒரு நொடிக்குக் குறைவா நேரம் ஆகும். பொறுமையில்லாம உடனே பேசினா முதல் அசை காத்துல போயிடும்.

இல்லினாய் மாநில போலீஸ்ல ரேடியோ பிரிவைப் பாத்துக்கிட்டிருந்த சார்லஸ் ஹாப்பர் 1937ல ஒரு வழி கண்டுபிடிச்சார். அடிக்கடி சொல்ற வாக்கியத்துக்கெல்லாம் ஒரு நம்பர். ஒவ்வொரு நம்பருக்கு முன்னாடியும் ஒரு 'டென்'. மோட்டார் முழுங்கினா 'டென்'னை முழுங்கட்டும், பின்னாடி வர்ற நம்பர் பத்திரமா போய்ச் சேரும். நெட்வொர்க்கிங் படிச்சவங்களுக்கு சட்டுனு பிடிபடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு முன்னாடி வர்ற பிரியாம்பிள் மாதிரிதான் இது!

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது, மோட்டார் போச்சு. 'பத்து' மட்டும் போகலை. பழைய கோட்ல "ஏன்னு தெரியாது, தொடாதே"ன்னு ஒரு வரி இருக்குமே, அது மாதிரி ஒட்டிக்கிச்சு. 1955ல ஆரம்பிச்ச 'ஹைவே பேட்ரோல்' டிவி தொடரும், எழுபதுகள்ல சிபி ரேடியோ வெச்சிருந்த லாரி டிரைவர்களும் 10-4ஐ ஊருக்கே பாடமாக்கிட்டாங்க.

வம்பு எங்கன்னா, ஒவ்வொரு ஊர் போலீசும் பட்டியலை இஷ்டத்துக்கு மாத்திக்கிச்சு. பொதுப் பட்டியல்ல 10-13ன்னா வானிலையும் ரோடும் எப்படி இருக்குங்கற தகவல். நியூயார்க் போலீஸ்ல அதே 10-13ன்னா "போலீஸ்காரருக்கு ஆபத்து, உடனே உதவிக்கு வாங்க". ஒருத்தர் உயிருக்குக் கத்தும்போது இன்னொருத்தர் மழை வருதான்னு பாத்துக்கிட்டிருப்பார். அவங்கவங்க ஊருக்குள்ள இருக்கற வரைக்கும் சரி, நாலு ஊர்க்காரங்க ஒரே இடத்துக்கு வந்தா?

இதை முதல்ல உணர்ந்தது தீயணைப்புக்காரங்க. 1970ல கலிஃபோர்னியாவுல காட்டுத்தீ 13 நாள் எரிஞ்சதுல 16 பேர் இறந்தாங்க. அணைக்க வந்த துறைகளுக்குள்ள ரேடியோவும் ஒத்துப்போகலை, பேச்சும் ஒத்துப்போகலை. அதுக்கப்புறம் உருவாக்கின முறையில "கோடு வேண்டாம், சாதா இங்கிலீஷ் பேசு"ன்னு விதி வெச்சாங்க. போலீஸ் அசையலை. 2001 செப்டம்பர் 11 அன்னிக்கு நியூயார்க்ல போலீசும் தீயணைப்புத் துறையும் தனித்தனி ரேடியோவுல இருந்தாங்க. போலீஸ் ஹெலிகாப்டர் குடுத்த எச்சரிக்கை, கட்டடத்துக்குள்ள இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு நேரடியா போகலை. அன்னிக்கு இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். அங்க குற்றவாளி கோடு இல்லை, இணைப்பு இல்லாததுதான். ஆனா ரேடியோவை இணைச்சா மட்டும் போதுமா, எந்த பாஷையில பேசறது? 2005ல கத்ரீனா புயலுக்குப் பல மாநில போலீஸ் உதவிக்குப் போனப்போ அதே கேள்வி. கடைசியில 2006ல மத்திய அரசு காசுல கை வெச்சது. பல துறை சேந்து வேலை பாக்கற இடத்துல சாதா இங்கிலீஷ் பேசினாத்தான் பேரிடர் தயார்நிலை நிதி!

இப்போ ஸ்கேனர் கேக்கறவங்களுக்கு ஜாலின்னுதானே நெனப்பீங்க? வீஜிங்கற புகைப்படக்காரர் 1938லயே போலீஸ் அனுமதியோட கார்ல அவங்க ரேடியோவை வெச்சுக்கிட்டு, சில சமயம் போலீசுக்கு முன்னாடியே கொலை நடந்த இடத்துக்குப் போனவர். கோடு பேசின காலத்துல கதவு திறந்தே இருந்தது. இப்போ பேச்சு புரியுது, கதவைப் பூட்டறாங்க. சிகாகோ 2022ல என்கிரிப்ஷன் போட ஆரம்பிச்சு, வெளியாளுக்கு 30 நிமிஷம் தாமதமாக் குடுத்தது. 2023ல நியூயார்க்கும் ஆரம்பிச்சாச்சு.

போலீஸ் சொல்ற காரணத்துலயும் நியாயம் இருக்கு. பாதிக்கப்பட்டவங்க பேரு, விலாசம் எல்லாம் காத்துல வருது, திருடனும் கேக்கறான். ஆனா போலீஸே தப்பு பண்ற அன்னிக்கு, அவங்க எழுதற அறிக்கையைத் தவிர வேற சாட்சி வேணாமா? அரை மணி தாமதம்னா நான் ஒத்துக்குவேன். மொத்தமா பூட்டறதுக்கு மட்டும் என்னால 10-4 சொல்ல முடியலை.

நீங்க என்ன சொல்றீங்க?