காஞ்சிப் பெரிய கற்றளியும் பகைவன் மீட்டளித்த பொன்னும்

தொண்டை நாட்டின் தலைநகராய் விளங்கிய காஞ்சியின் மேற்றிசையில் கயிலாசநாதர் திருக்கோயில் எழுந்து நிற்கின்றது. ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை அரசாண்ட இரண்டாம் நரசிம்மவர்மன் எடுப்பித்த கற்றளி இது. இராசசிம்மன் என்பது அவன் சிறப்புப் பெயர். அதுபற்றியே கோயிலும் இராசசிம்மேச்சுரம் எனப்பட்டது. பிற்காலச் சோழர் கல்வெட்டுக்கள் இதனைப் பெரிய திருக்கற்றளி என்று போற்றுகின்றன.

இவன் முன்னோர் குன்றுகளைக் குடைந்து கோயில் கண்டனர். இவனோ கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டும் முறையைத் தழைக்கச் செய்தான். மாமல்லைக் கடற்கரைக் கோயிலும் பனைமலைக் கோயிலும் இவன் திருப்பணிகளே. காஞ்சியில், பாரத்தைத் தாங்கும் அடித்தளத்திற்குக் கருங்கல்லும், சிற்பியின் உளிக்கு எளிதில் இசையும் மேற்பகுதிக்கு மணற்கல்லும் இடப்பட்டன. கருவறையில் பதினாறு பட்டைகள் அமைந்த இலிங்கத் திருமேனி; அதன் பின்சுவரில் சோமாஸ்கந்தர். திருச்சுற்றை ஒட்டி 58 சிற்றாலயங்கள். திருமுற்றத்தின் முன்வரிசைச் சிற்றாலயம் ஒன்றில் அரசி இரங்கபதாகையின் புகழ் பொறிக்கப்பட்டுள்ளது. கவிவாணராகிய தண்டியும் இவன் காலத்தில் காஞ்சியில் வாழ்ந்தவர் என்பது அறிஞர் பலர் கருத்து.

அச்சிற்றாலயங்களில் அரசனின் விருதுப் பெயர்கள் இருநூற்றைம்பதுக்கு மேல் வெட்டப்பட்டுள்ளன. கலைக்கடல் என்னும் பொருளில் கலாசமுத்திரன். வீணையில் நாரதன் நிகர்த்தவன் என்பதால் வீணாநாரதன். இன்னும் வாத்திய வித்தியாதரன், இதிகாசப் பிரியன், சங்கர பக்தன், சிவசூடாமணி. தன் பெயரை இத்தனை முறை கல்லில் ஏற்றியவனுக்குப் புகழாசை இல்லை என்று எவரும் வாதிட இயலாது.

சேக்கிழார் பெருமான் அருளிய பூசலார் நாயனார் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. காடவர் கோமான் காஞ்சியில் கற்றளி எடுத்துக் குடமுழுக்கிற்கு நாள் குறித்தான். அதற்கு முன்னிரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து எடுத்த ஆலயத்தில் தாம் நாளை புகவிருப்பதால், குறித்த நாளை மாற்றுமாறு பணித்தருளினார். அரசன் நின்றவூர் சென்று கோயிலைத் தேடினான். அவ்வூரார் அப்படியொரு கோயிலை அறிந்திலர். பொருளின்மையால் அன்பர் அதனை நெஞ்சிலேயே எழுப்பியிருந்தார் என்று அறிந்த வேந்தன், அவர் திருவடியில் வீழ்ந்து வணங்கினான். சேக்கிழார் அரசன் பெயரைக் கூறவில்லை. ஆயினும், துஷ்யந்தன் போன்ற பண்டை வேந்தர் கேட்ட அசரீரியைக் கலியுகத்தில் இவனும் கேட்டது வியப்பு என்று கற்றளியின் விமானக் கல்வெட்டே கூறுகின்றது. ஆய்வாளர் பலர் இவ்விரண்டையும் இணைத்துக் காண்கின்றனர்; இணைப்பு பொருத்தமானதே.

மன்னன் மறைந்து சில ஆண்டுகளே கழிந்தன. கி.பி. 642-இல் பல்லவர் வாதாபியை வென்ற பழியைத் தீர்க்கும் வேட்கையோடு சளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். அப்போது பல்லவர் அரியணையில் இருந்தவன் இரண்டாம் நந்திவர்மன். நூறாண்டுப் பகை, திறந்து கிடக்கும் கருவூலம், தடுப்பார் எவருமிலர். அந்நிலையில் இராசசிம்மேச்சுரத்தின் செல்வத்தைக் கண்ணுற்ற வெற்றி வேந்தன் அதனைக் கவராது இறைவனுக்கே மீட்டளித்தான். இதனை முன்மண்டபத் தூணொன்றின் பின்புறத்தில் கன்னட மொழியில் பொறித்தும் வைத்தான். இவ்வறத்தை அழிப்போர், இந்நகரக் கடிகைப் பெருமக்களைக் கொன்றவர் செல்லும் உலகை அடைவர் என்று சாபமும் சேர்த்தான். அவன் மகன் கீர்த்திவர்மனின் கேந்தூர்ச் செப்பேடும் காஞ்சியை அழிக்காது விட்டதையும் பொன் மீட்டளித்ததையும் எடுத்துரைக்கின்றது.

அவன் அரசி லோகமகாதேவி, கணவனின் காஞ்சி வெற்றிகளின் நினைவாகப் பட்டடக்கல்லில் லோகேச்சுரம் எடுப்பித்தாள். இன்று அது விரூபாட்சர் கோயில் என வழங்குகின்றது. அதனைச் சமைத்த குண்டன் அநிவாரிதாசாரி என்னும் தச்சனுக்குத் திரிபுவனாசாரி என்னும் பட்டம் வழங்கப்பட்டது. அதன் விமானத்தையும் திருச்சுற்றையும் காண்போர்க்குக் காஞ்சிக் கற்றளியின் சாயல் புலனாகும்.