அகதி முகாமில் உருவான ஆசிரியர்கள்

ஹிஜ்ரி 2 ஆம் ஆண்டு பத்ருப் போரில் கைதானோருள் எழுதப் படிக்கத் தெரிந்தும் பிணைத்தொகை செலுத்த வசதியற்றோர் சிலர் இருந்தனர். மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பிப்பதையே அவர்களின் பிணைத்தொகையாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. போரின் காயம் ஆறுமுன்பே கல்விக்கு வழி காணப்பட்டது.

நம் காலத்தில் அத்தேவை ஃபலஸ்தீன மக்களுக்கு நேர்ந்தது. 1948 இல் ஏறத்தாழ 7 லட்சம் பேர் வீடிழந்தனர். 1950 இல் பணியைத் தொடங்கிய ஐ.நா. அகதிகள் நிவாரண முகமை, யுனெஸ்கோவின் துணையோடு முகாம்களில் பள்ளிகளை நடத்தியது. ஆனால் ஆசிரியர்கள் பலர் பயிற்சி பெறாதவர்கள். அவர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டால் வகுப்புகள் நின்றுவிடும்.

ஆகவே 1964 இல் இவ்விரு அமைப்புகளும் பெய்ரூட்டில் கல்வி நிறுவனம் ஒன்றை நிறுவின. ஆசிரியர்கள் பணியில் இருந்தவாறே, அனுப்பப்பட்ட பாடங்களைப் பயின்றனர். வாராந்தரக் கூட்டங்களிலும் கோடைக்கால வகுப்புகளிலும் ஐயம் தீர்த்துக்கொண்டனர். பெண்களுக்கெனப் பயிற்சி மையம் 1962 இலேயே ரமல்லாவில் திறக்கப்பட்டிருந்தது.

பொருளும் வழிகாட்டலும் வெளியிலிருந்து வந்தன. கற்பித்தவர்கள் அம்மக்களுள் ஒருவராகவே இருந்தனர். இன்று காஸாவில் பள்ளிகள் இடிந்தபின் கூடாரங்களில் பாடம் நடத்துவோரும் அத்தகையோரே.

நிவாரணம் என்றதும் உணவும் போர்வையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓர் ஆசிரியரை உருவாக்க உதவுவதும் ஸதகா ஜாரியாதான். அவ்வாசிரியர்களுக்கு அல்லாஹ் துணைநிற்பானாக. ஆமீன்.