எலிவால் புழு

எலிவால் புழு: தேனீயின் சாயல் கொண்ட மலர் ஈக்கள் சிலவற்றின் நீர்வாழ் இளம்பருவம். இவை சிர்பிடே குடும்பத்தில் எரிஸ்டாலினி பிரிவைச் சேர்ந்தவை. பூவில் அமர்ந்த ஈயைத் தேனீ என்றே பலரும் ஒதுங்குவர். தேனீக்கு இரண்டு இணை இறக்கை, இதற்கு ஓரிணைதான். உணர்கொம்பு குட்டை, கொடுக்கு கிடையாது. சமவெளியில் காணப்படும் எரிஸ்டாலினஸ் ஆர்வோரம் இனத்தின் கண்களில் கரும்புள்ளிகள் தெளித்திருக்கும்.

இந்த ஈ பழங்காலத்தாரை நன்றாகவே ஏமாற்றியது. செத்த காளையின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று கிரேக்கரும் உரோமரும் நம்பினர். வெர்ஜில் தம் ‘ஜியார்ஜிக்ஸ்’ நூலின் நான்காம் பகுதியில் அதற்குச் செய்முறையே கூறுகிறார். விவிலியத்தில் சிம்சோன் கண்டதும் சிங்கத்தின் உடலில் தேனீக்கூட்டத்தைத்தான். அழுகிய உடலில் மொய்த்தவை தேனீக்கள் அல்ல, இந்த ஈக்களே என்று பூச்சியியலாளர் ஓஸ்டன்-சாக்கன் 1894-இல் விளக்கினார். இவற்றுள் புகழ்பெற்ற எரிஸ்டாலிஸ் டெனாக்ஸை லின்னேயஸ் 1758-இல் வீட்டு ஈயின் பேரினத்தில் சேர்த்திருந்தார். எரிஸ்டாலிஸ் என்ற பேரினம் 1804-இல் பூச்சியியலாளர் லத்ரேயால் வந்தது. இந்திய இனங்களை 1923-இல் நூலாக்கிய புருனெட்டி, கல்கத்தாவில் வாழ்ந்த இசைக்கலைஞர். பூச்சியியல் அவருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் அந்நூலைத் தொடாமல் இன்றும் இத்துறையில் நுழைய முடியாது.

புழு வெளிறிய சாம்பல் நிறம். அதன் ‘வால்’ உண்மையில் மூச்சுக்குழல். மூன்று கண்ணிகள் ஒன்றனுள் ஒன்று அடங்கியிருக்கும். நீர்மட்டம் ஏறினால் குழல் உடலைப்போலப் பல மடங்கு நீளும். உடல் சேற்றில், நுனி நீர்ப்பரப்பில். காற்றை மேலிருந்து எடுத்துக்கொள்வதால் ஆக்சிஜன் அற்ற சாக்கடை நீரிலும் அது பிழைக்கும். அழுகும் பொருளிலுள்ள நுண்ணுயிரிகளை வடிகட்டித் தின்னும். கூட்டுப்புழுவாகும் முன் கரையேறி உலர்ந்த மண்ணுக்குப் போய்விடும்.

இத்தகைய நீருக்கு நொய்யலைப் பார்க்கலாம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் அது திருப்பூருக்கு வரும்போது சாயக்கழிவும் வீட்டுச் சாக்கடையும் கலந்த ஆறு. இந்தப் புழுவுக்குச் சாயம் தேவையில்லை, சாக்கடையே போதும். ஆகவே இது தென்படும் இடத்தில் அழுகும் கழிவு தேங்கியிருக்கிறது என்று கொள்ளலாமே ஒழிய, சாயப்பட்டறை நீருக்கு இதைச் சாட்சி ஆக்கக்கூடாது. திருப்பூரில் கழிவைச் சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு மாறாத சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது.