எடுத்த பொட்டும் அழித்த பொட்டும்: சப்ரகமுவத் தோட்டப் பெண்களின் தோற்ற மாற்றமும் தன்மதிப்பும்

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் தமிழர் தாக்கப்பட்டனர். அதையொட்டிய ஆண்டுகளில் டவுனுக்கு இறங்கிய தோட்டப் பெண்கள் வெறும் நெற்றியோடு போனதை மலையக ஆய்வுகள் பேசாமல் விட்டதில்லை. பேசியவை பெரும்பாலும் ஒரே முடிவில் போய் நின்றன: அடையாளத்தை மறைத்தவள் தன்னைத் தாழ்வாக எண்ணத் தொடங்கினாள், அவளது தன்மதிப்பு குலைந்தது.

இந்த முடிவின் வேர் ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது என்று ஐயுறுகிறேன். ஆய்வுகள் ‘பொட்டை அழித்தார்கள்’ என்று எழுதுகின்றன. லயங்களில் என் காதில் விழுந்த வினையோ ‘எடுப்பது’. பொட்டழிப்பது சாவு வீட்டுச் சடங்கு. பிறர் கையால் நடப்பது, மீளாதது. எடுப்பது அவள் கைக்காரியம்; திரும்ப வைப்பதும் அவளே. சுமங்கலி ஒருத்தி பஸ் ஏறுமுன் நெற்றியைத் துடைக்கும்போது கை ஒரு கணம் கூசியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூச்சம் தாலியை நினைத்து எழுவது. அதைத் ‘தமிழச்சியாய்ப் பிறந்ததற்கான வெட்கம்’ என்று பெயர்த்ததில்தான் பிழை நேர்ந்தது.

பொருளையும் பார்க்க வேண்டும். குங்குமத்தைத் துடைத்தாலும் சிவப்பு நிற்கும். பின்னால் வந்த ஸ்டிக்கர் பொட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. காம்பராவில் தொங்கும் முகக் கண்ணாடியின் விளிம்பில் நாலைந்து பொட்டுகள், பசை காய்ந்து, ஓரத்தில் பவுடர் அப்பி, ஒட்டிக்கொண்டிருக்கும். காலையில் நெற்றியிலிருந்து கண்ணாடிக்கு, மாலையில் கண்ணாடியிலிருந்து நெற்றிக்கு. தன்னை ஏற்காதவள் மாலையில் எதற்காக அதைத் தேடுகிறாள்?

1965இல் மொரிஸ் ரோசன்பேர்க் வகுத்த பத்துக் கூற்றுத் தன்மதிப்பு அளவுகோல் இங்கே அதிகம் உதவாது. எந்த இடத்தில், யார் கண்முன் என்று அது கேட்பதில்லை. நுவரெலியாவில் தோட்டத்தைத் தாண்டினால் பெரும்பாலும் இன்னொரு தோட்டம். கேகாலையில் ரப்பர் மலை முடிகிற இடத்தில் சிங்களக் கிராமம். பஸ்ஸும் கடையும் பொது. இடம் மாறுகையில் முகமும் மாறுகிறது.

பயமும் காயந்தானே என்பார்கள். காயந்தான்; ஆனால் பயந்தவளெல்லாம் தன்னை வெறுத்தவள் ஆகிவிடுவாளா? வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லவைத்து, தமிழரா என்று நாக்கைச் சோதித்த நாட்டில் வெறும் நெற்றி எவ்வளவு தூரம் காத்தது என்பது தனிக் கேள்வி.

ஓர் இடத்தில் மட்டும் பழைய ஆய்வுகளோடு ஒத்துப்போகிறேன். வீட்டுக்குள்ளும் பொட்டு வேண்டாம் என்று தாய் மகளைத் தடுத்த குடும்பங்களில் ‘எடுப்பது’ என்ற வினைக்கே வேலையில்லை. எடுக்க அங்கே எதுவும் வைக்கப்படவில்லை. அந்த மகள்களின் தன்னேற்பை என் வாதத்தால் அளக்க முடியாது.

தாய்மாரைப் பற்றி எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. மூக்குத்தியைப் பாருங்கள். பொட்டைப்போல் அதை நினைத்த நேரத்தில் கழற்றி மாட்ட முடியாது. சில நாள் விட்டால் துளை தூர்ந்துவிடும். அதனால் கழற்றியவர்கள் வேப்ப ஈர்க்கைச் சிறிதாக ஒடித்து, தூரத்திலிருந்து பார்த்தால் மச்சமோ மருவோ என்று தோன்றும்படி, துளையில் செருகிவைத்தார்கள்.