அதே வள்ளி, அதே நாரதர்: பாட்டுப் போட்டி மட்டும் ஏன் சலிச்சுப் போச்சு?

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி, வடகாடு வழியா போனா கீரமங்கலம்னு ஒரு ஊர் வரும். மல்லி, முல்லை, கனகாம்பரம், அப்புறம் தென்னை. இதுதான் அந்தப் பக்கத்து மக்களோட பிழைப்பு. அங்கே மெய்நின்றநாதர் கோயில்ல 81 அடி உயரத்துல ஒரு சிவன் சிலை நிக்குது. அவருக்கு எதிர்ல சின்னதா ஒரு புலவர் சிலை. அவர்தான் நக்கீரர். ஊர்ப் பேர்ல இருக்கிற ‘கீர’ கூட அவரால வந்ததுன்னுதான் ஊர்க்காரங்க சொல்வாங்க.

நக்கீரர் கதை உங்களுக்குத் தெரியும். படிச்சுத் தெரியலைன்னாலும் 1965-ல வந்த ‘திருவிளையாடல்’ படத்துல நாகேஷ் புலம்புறதைப் பாத்தாவது தெரிஞ்சிருக்கும். பாண்டிய ராஜா ஆயிரம் பொற்காசு பரிசு அறிவிக்கிறார். தருமிங்கிற ஏழைப் புலவர் கலந்துக்கிறார். ஆனா பாட்டு எழுதிக் கொடுத்தது சிவன். ஜட்ஜ் நக்கீரர், பாட்டுல குற்றம் இருக்குன்னு சொல்லிடுறார். சிவனே நேர்ல வந்து நின்ன பிறகும் மார்க்கை மாத்தலை. ஸ்பான்சர், போட்டியாளர், மேடை, நடுவர் எல்லாம் இருக்கு பாருங்க. நமக்குத் தெரிஞ்ச முதல் டேலன்ட் ஷோ இதுதான்னு நான் பாதி விளையாட்டாவும் பாதி சீரியஸாவும் சொல்லுவேன்.

இன்னைக்குக் கேள்வி இதோட அடுத்த தலைமுறையைப் பத்தி. விஜய் டிவியில சூப்பர் சிங்கர் 2006-ல ஆரம்பிச்சது. இப்போ கேக்கிறவங்கள்ல பாதிப் பேர் அதைப் பாத்தே வளர்ந்திருப்பீங்க. முதல் சீசன்ல நிகில் மேத்யூ, ரெண்டாவதுல அஜீஷ், மூணாவதுல சாய்சரண், நாலாவதுல திவாகர்னு கடகடன்னு சொல்ற ஆட்கள் இருக்காங்க. அவங்ககிட்டயே கடைசி மூணு சீசன் ஜெயிச்சது யாருன்னு கேளுங்க. கூகுள் பண்ணாம சொல்லச் சொல்லுங்க.

வழக்கமா வர்ற பதில், “ரொம்ப நாளா ஓடுது, பழசாயிடுச்சு.” இந்தப் பதிலை நான் ஏத்துக்க மாட்டேன். ஏன்னா அதே புதுக்கோட்டைப் பக்கத்துல நூறு வருஷத்துக்கு மேல ஒரே ஒரு கதை மேடையில ஓடிக்கிட்டிருக்கு. அது வள்ளி திருமணம்.

சென்னையில வளர்ந்தவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன். 1922-ல மறைஞ்ச சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த நாடகங்கள் இன்னைக்கும் தென் மாவட்டத் திருவிழாக்கள்ல நடக்குது. ‘ஸ்பெஷல் நாடகம்’னு சொல்வாங்க. இதுல கம்பெனி, குழு எதுவும் கிடையாது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி மாதிரி ஊர்கள்ல நாடக நடிகர் சங்கங்கள் இருக்கு. திருவிழா நடத்துறவங்க ராஜபார்ட்டை ஒரு ஊர்ல பேசி முடிப்பாங்க, ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊர்ல. பபூன் வேற, டான்ஸ் வேற, ஆர்மோனியம் வேற. அத்தனை பேரும் அன்னைக்கு ராத்திரி மேடையிலதான் சந்திக்கிறாங்க. ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கும்.

கதையில ரகசியமே இல்லை. முருகன் வள்ளியைக் கட்டிக்கப் போறார். உக்காந்திருக்கிற ஆறு வயசுப் பிள்ளைக்கும் அது தெரியும். அப்புறம் எதுக்கு ஊரே பாய் விரிச்சு உக்காருது? நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம்னு ஒரு கட்டம் இருக்கு. நாரதர் கேள்வி கேப்பார், வள்ளி மடக்குவாங்க. ரெண்டு பேரும் வேற வேற ஊர், யார் என்ன கேப்பாங்கன்னு மத்தவங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு ராத்திரி யார் யாரை மடக்குவாங்கங்கிறது நிஜமாவே யாருக்கும் தெரியாது. போன வருஷம் வந்த வள்ளியை விட இந்த வருஷ வள்ளி கெட்டிக்காரின்னு காலையில டீக்கடையில பேசுவாங்க. கதை அப்படியே இருக்கும், ராத்திரி மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற.

அப்போ திரும்பத் திரும்ப நடக்கிறது ஒரு நிகழ்ச்சியைக் கொல்றதில்லை. என்ன நடக்கும்னு நமக்கு முன்கூட்டியே தெரிஞ்சு போறதுதான் கொல்லுது. தெரிஞ்சு போறதுக்கு எவ்வளவு நாள் ஆகும்? வெளிநாட்டுக் கணக்கு ஒண்ணு பாப்போம்.

அமெரிக்காவுல மேஜர் போவ்ஸ்ங்கிறவர் 1930-களோட நடுவுல ரேடியோவுல அமெச்சூர் பாட்டுப் போட்டி நடத்தினார். 1935-ல அதுல நாலு பேர் குழுவா பாடினவங்கள்ல ஒருத்தர் ஃப்ராங்க் சினாட்ரா. அது 1948-ல டிவிக்கு வந்து 1970 வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் 2002-ல ‘அமெரிக்கன் ஐடல்’. 2003 இறுதிச்சுற்றை சுமார் 3.8 கோடிப் பேர் பாத்தாங்க. 2016-ல ஃபாக்ஸ் சேனல் அதை மூடினப்போ, கடைசி இறுதிச்சுற்றுக்கு 1.3 கோடி சொச்சம் பேர். ரெண்டு வருஷம் கழிச்சு ஏபிசி அதையே தூசி தட்டி எடுத்தாங்க. அது நம்ம கதைக்கு வேண்டாம்.

இந்தியாவுல 1995-ல ஜீ டிவியோட ‘ச ரி க ம’. சோனு நிகம் தொகுத்து வழங்கினார். அதுல குழந்தைகள் சிறப்புப் போட்டியில ஜெயிச்ச பொண்ணுதான் ஸ்ரேயா கோஷல். தமிழ்ல அந்தக் காலத்துல சன் டிவியில ஏ.வி.ரமணன் நடத்தின ‘சப்தஸ்வரங்கள்’ இருந்துச்சு. கேக்கிறவங்கள்ல முப்பதைத் தாண்டினவங்க இப்போ லேசா சிரிச்சிருப்பீங்க. அதுல அழுகை கிடையாது. வந்தாங்க, பாடினாங்க, போனாங்க.

சூப்பர் சிங்கர் வந்தப்போ அது நிஜமாவே ஒரு கதவு. சினிமாவுல பாடணும்னா அதுக்கு முன்னாடி என்ன வழி? சென்னைக்கு வரணும், ட்ராக் பாடணும், யாராவது ஒரு ஆளைத் தெரிஞ்சிருக்கணும். 2006-ல டிவி அந்தக் கதவை வீட்டு ஹாலுக்கே கொண்டு வந்துச்சு. எஸ்எம்எஸ் அனுப்பி நாமளும் ஒரு கை கொடுக்கலாம். யாருன்னே தெரியாத ஒருத்தர் மைக் முன்னாடி நின்னு வாயைத் திறக்கிற அந்த ரெண்டு செகண்ட், அதுக்காகத்தான் நாம உக்காந்தோம். ஸ்ரீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் உக்காந்திருந்த நாட்கள்ல ஒரு பல்லவி சரியா வரலைன்னா அதைச் சொல்லிட்டுத்தான் விட்டாங்க. ஜூனியர்ல சித்ரா சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. ஆனா சொல்வாங்க.

அப்புறம் நடந்தது மெதுவா நடந்தது. எந்த எபிசோடுக்கு ரேட்டிங் ஏறுச்சுன்னு சேனலுக்குத் தெரிஞ்சுது. அம்மா அழுத எபிசோடா? அடுத்த சீசன்ல நாலு அம்மா. ‘வைல்டு கார்டு’ல திரும்பி வந்தவருக்குக் கைதட்டலா? எல்லா சீசன்லயும் வைல்டு கார்டு. சேனல் மட்டும் கத்துக்கலை, போட்டியாளரும் கத்துக்கிட்டார். அஞ்சு வயசுலேர்ந்து சூப்பர் சிங்கர் பாத்து வளர்ந்த பிள்ளை, சூப்பர் சிங்கருக்குன்னே பாட்டு கத்துக்கிட்டு, எந்தப் பாட்டுல எந்த இடத்துல சங்கதி போட்டா ஜட்ஜ் எந்திரிச்சு நிப்பாருன்னு தெரிஞ்சுக்கிட்டு மேடைக்கு வருது. நல்லாத்தான் பாடுது. சொல்லப்போனா 2006-ல வந்தவங்களை விட நல்லா பாடுது. ஆனா நிகழ்ச்சி தானே தயாரிச்ச ஆட்களைத் தானே கண்டுபிடிச்ச மாதிரி காட்டுது. நாமளும் இருபது வருஷமா பாத்துப் பாத்து, பேக்ரவுண்ட் மியூசிக் மாறினதுமே அழுகை வரப்போகுதுன்னு சொல்லிடுறோம். ஜட்ஜோ நக்கீரர் வேலையை விட்டுட்டார். எல்லாரும் அருமை, எல்லாரும் தெய்வீகம். மார்க் எல்லாருக்கும் நூறுன்னா அது போட்டி இல்லை, கல்யாண ரிசப்ஷன்.

2016-ல இதுக்கு ஒரு விரிசல் தெரிஞ்சது. அஞ்சாவது சீசன்ல ஜெயிச்ச ஆனந்த் அரவிந்தாக்‌ஷன் ஏற்கெனவே சினிமாவுல பாடினவர்னு தெரிஞ்சதும் இணையத்துல பெரிய சண்டை. அவர் நல்ல பாடகர், அவர் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா மக்களோட கோபத்தைக் கவனிங்க. ‘அவர் சரியா பாடலை’ன்னு யாரும் கோபப்படலை. ‘எங்களுக்குத் தெரியாத ஆளைக் காட்டுறோம்னு சொல்லிட்டு, ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஆளைக் காட்டினீங்க’ங்கிறதுதான் கோபம்.

ரெண்டே வருஷம். 2018 ஜூலையில ஆறாவது சீசன் இறுதிச்சுற்று. ஜெயிச்சவர் செந்தில் கணேஷ், நாட்டுப்புறப் பாடகர், புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். கூடவே போட்டியில இருந்தவர் அவர் மனைவி ராஜலட்சுமி. பாட்டையே மறந்திருந்த வீடுகள்ல அந்த சீசனைத் திரும்பப் பாத்தாங்க. ஏன்? அந்த ரெண்டு பேரையும் தயாரிச்சது டிவி இல்லை. வருஷக்கணக்கா திருவிழா மேடையில, தூங்கப் போற கூட்டத்தை எழுப்பி உக்கார வச்ச குரல் அது. மைக் சரியில்லாத இடத்துல, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல பாடிப் பழகின தொண்டை. சங்கதிக் கணக்கு வச்சு அதை அளக்கவே முடியலை. மறுபடி அந்த ரெண்டு செகண்ட் நமக்குக் கிடைச்சுது. அடுத்து ‘சார்லி சாப்ளின் 2’ படத்துல ரெண்டு பேரும் பாடின ‘சின்ன மச்சான்’ பட்டிதொட்டியெல்லாம் ஓடுச்சு. 2021-ல ‘புஷ்பா’ தமிழ்ப் பதிப்புல ராஜலட்சுமி குரல் வந்துச்சு.

நிகழ்ச்சி இதுல என்ன கத்துக்கிட்டிருக்கணும்? வெளியில இருந்து ஆள் கொண்டு வரணும்னு. என்ன கத்துக்கிச்சு? நாட்டுப்புறம் வொர்க் ஆகுதுன்னு. அதுக்கப்புறம் கிராமம், வேட்டி, பறை, வறுமைக் கதை எல்லாமே ஒரு ரவுண்டுக்கான செட் ப்ராப்பர்ட்டி ஆயிடுச்சு. ஆச்சரியத்தை ஃபார்முலாவா மாத்துறதுக்கு ஒரே ஒரு சீசன் போதும்.

இன்னொரு கணக்கையும் பாருங்க. சீனியர், ஜூனியர் ரெண்டும் சேத்தா இருபது சீசன் கிட்ட வருது. சீசனுக்கு இருபது பேர்னு குறைச்சுப் போட்டாலும் நானூறு பேர். ஊர்த் திருவிழா ஃப்ளெக்ஸ்ல ‘சூப்பர் சிங்கர் புகழ்’னு ஒரு காலத்துல ஒருத்தர் பேர் போட்டா கூட்டம் வந்துச்சு. இப்போ ஒரே ஃப்ளெக்ஸ்ல நாலு ‘புகழ்’ இருக்கு. வருஷத்துக்குச் சுமார் 200 தமிழ்ப் படம் வருது, அதுல பாட்டு வெளியில தெரியற படம் எத்தனை? ஜெயிக்கிறதுக்கும் வாழ்க்கைக்கும் சம்பந்தம் குறைஞ்சுக்கிட்டே போச்சு. அதே ஆறாவது சீசன்ல ரெண்டாவதா வந்த ரக்‌ஷிதா சுரேஷ், அப்புறம் ஏ.ஆர்.ரஹ்மான் இசையிலயே பாடினார். அமெரிக்கன் ஐடல்ல ஏழாவது இடத்துல வெளியேறின ஜெனிஃபர் ஹட்சன் 2007-ல ஆஸ்கர் வாங்கினார். ஜெயிச்சவர் யார்னு பரபரப்பா கேக்க நமக்கு என்ன காரணம் மிச்சம் இருக்கு?

கதவும் இடம் மாறிடுச்சு. 2018 ஜனவரியில சென்னையில ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறுச்சு. 2021 மார்ச்ல தீயும் அறிவும் ‘எஞ்சாய் எஞ்சாமி’யோட வந்தாங்க. ரெண்டுக்கும் ஜட்ஜ் கிடையாது, எலிமினேஷன் கிடையாது. யாருன்னே தெரியாத ஒரு குரல் இன்னைக்கு ராத்திரி உங்க போன்ல ரீல்ஸா வருது. அதுக்காக ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் விளம்பரத்தோட உக்காரணுமா?

இதை வச்சு நாடகம் ஜெயிச்சிடுச்சு, டிவி தோத்துடுச்சுன்னு சொல்ல வரலை. ஸ்பெஷல் நாடகத்துக்கும் அடி விழுது. பபூனும் டான்ஸும் முடிஞ்சதும் எந்திரிச்சுப் போற கூட்டம் அதிகமாயிடுச்சு. தர்க்கத்துக்கு முன் வரிசையில மிச்சம் இருக்கிறது பெரியவங்கதான். அதை விடப் பெரிய அடி வேற இடத்துலேர்ந்து வந்துச்சு. செந்தில் கணேஷ் ஜெயிச்சு நாலு மாசத்துல, 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் கரையைக் கடந்து கீரமங்கலம் வட்டாரத்துத் தென்னந்தோப்பையும் பூந்தோட்டத்தையும் சாய்ச்சுட்டுப் போச்சு. அந்தத் தோப்பு வருமானத்துல வீட்டுக்கு வீடு போடுற வரிதான் திருவிழா. திருவிழா பணம்தான் வள்ளிக்கும் நாரதருக்கும் சம்பளம், நாட்டுப்புறப் பாடகருக்கு மேடை. டிவி எங்கேயிருந்து தன்னோட அடுத்த ஆச்சரியத்தை எடுக்கணுமோ, அந்தக் கிணறு இது. நட்ட கன்னு காய்க்கவே அஞ்சாறு வருஷம் ஆகும்.

மாசி, பங்குனி வந்தா அந்தப் பக்கம் திரும்ப மேடை போடுவாங்க. கீரமங்கலம் பக்கத்துல குளமங்கலம் அய்யனார் கோயில்ல மாசி மகத்துக்கு அந்த ஆளுயரக் குதிரைக்கு, சாரி, 33 அடிக் குதிரைக்குக் காகித மாலையா குவியும். போறவங்க அப்படியே பக்கத்து ஊர்கள்ல நாடக நோட்டீஸ் ஒட்டியிருக்கான்னு பாருங்க. இருந்தா போட்டோ எடுத்து நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. வள்ளி யாரு, நாரதர் யாருன்னு பேர் தெரியற மாதிரி எடுங்க. தர்க்கம் வரைக்கும் உக்காந்திருந்தீங்கன்னா, யார் மடக்கினாங்கன்னு ஒரு வாய்ஸ் நோட்டும் சேத்து.