கடல் கடந்த மணமுறிவு

மணம் இந்நாட்டில், மணமுறிவோ அயல்நாட்டில். இந்நிலையில் எந்நாட்டு நீதிமன்றத்தின் சொல் செல்லும்? இவ்வினாவிற்கு விடை காணப்பட்ட வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இலங்கையிலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற ஒரு வழக்கில், தம்பதியர் நிலைத்த குடியிருப்புக் கொண்ட நாட்டின் நீதிமன்றமே மணத்தை முறிக்கலாம் என 1895-ஆம் ஆண்டில் முடிவாயிற்று. மனைவியின் குடியிருப்பு கணவனுடையதே என்பது அக்காலக் கொள்கை. ஆதலால் கணவன் கடல் கடந்து குடியேறினால், ஊரில் இருந்த மனைவியும் சட்டத்தின் பார்வையில் கடல் கடந்தவளே!

1955-இல் ஜலந்தரில் மணந்த ஒருவர் 1959-இல் அமெரிக்கா சென்றார். ஆறு வாரம் தங்கியவருக்கும் வழக்கிட இடந்தரும் நெவாடா மாநிலத்தில், 1964-இல் மணமுறிவு பெற்றார். மனைவி ஜீவனாம்சம் கோரியபோது அத்தீர்ப்பைக் காட்டினார். உயர்நீதிமன்றம் அதனை ஏற்றது. உச்சநீதிமன்றமோ, நிலைத்து வாழ்வதாகப் பொய்யுரைத்துப் பெற்ற தீர்ப்பு செல்லாது என 1974-இல் உரைத்தது.

1991-இல் அந்நீதிமன்றம் மேலும் ஓரடி சென்றது. எதிர்த்தரப்பினர் வழக்காட வசதியற்றவராயின், பயணம், தங்கல், வழக்குச் செலவுகளுக்கு மனுதாரரே வகை செய்தல் வேண்டும் என்றது. உதவியின்றி உரிமை ஏட்டுச் சுரைக்காயன்றோ?

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், வருமான வரம்பின்றிப் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவியை உரிமையாக்கியது. ஆகவே, அயல்நாட்டு அழைப்பாணை வந்தால் நாம் வாளாவிருத்தலும், பொருள் அறியாது கையொப்பமிடுதலும் வேண்டா; மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தை உடனே நாடுவோமாக.