ஊரே முதலாளியான ஒரு பப்



தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நான் காபியைத் தாண்டி எதையும் குடித்தவனல்ல. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கமே பப். இங்கிலாந்துக் கிராமங்களில் அது வெறும் மதுக்கடை அல்ல. நம் ஊர் டீக்கடையும் திண்ணையும் சேர்ந்த இடம். வங்கியில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்ற எனக்கு, அப்படி ஒரு பப்பின் கணக்கு பிடித்துப்போனது.

வட இங்கிலாந்தில், கம்ப்ரியா மலைப்பகுதியில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூர் இருக்கிறது. பெயருக்கேற்ப ஒரு காலத்தில் சந்தை கூடிய ஊர். 1857-ல் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் நண்பர் வில்கி காலின்ஸுடன் இங்கே தங்கி, பக்கத்து மலையில் ஏறினார். அவர்கள் தங்கிய விடுதி பின்னாளில் வெறும் வீடாகிவிட்டது. ஊருக்கு மிஞ்சியது 'ஓல்டு கிரவுன்' பப்.

அதன் பின்புறம் ஒரு பழைய களஞ்சியத்தில் 1988-ல் சிறிய பீர் ஆலை தொடங்கியது. 1999-ல் ஆலையை நடத்தியவர்கள் ஓய்வு பெற விரும்பியபோது, ஊர்க்காரர்கள் கூட்டுறவு அமைத்து அதை வாங்கினார்கள். எவரெஸ்ட் ஏறிய கிறிஸ் போனிங்டனும் அதில் ஓர் உறுப்பினர்.

அடுத்து பப்பே விலைக்கு வந்தது. வெளியார் வாங்கினால் ஊரின் போக்கே மாறிவிடும் என்ற பயம். 2003-ல் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு 1,500 பவுண்டு போட்டார்கள். அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்! பிரிட்டனின் முதல் கூட்டுறவு பப் என்று அது பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு இளவரசர் சார்லஸ் நேரில் வந்து பார்த்தார். பப்பை நடத்துவது குத்தகைதாரர், சொத்து ஊருடையது.

வணிகவியல் படித்தவனாக எனக்குப் பிடித்த அம்சம் இதுதான்: கம்பெனியில் பங்குக்கு ஓட்டு, கூட்டுறவில் ஆளுக்கு ஒரு ஓட்டு. இந்த விதிக்கு வழிகாட்டியவர்களும் வட இங்கிலாந்துக்காரர்களே. 1844-ல் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர்கள் உட்பட 28 பேர் சேர்ந்து கூட்டுறவு மளிகைக்கடை திறந்தார்கள். அந்த வழியில் 1904-ல் சென்னையில் பிறந்ததுதான் நம் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். பெரியவர்கள் 'டி.யு.சி.எஸ்.' என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

பணம் போட்டவர்களில் எல்லோரும் தினமும் பப்புக்குப் போகிறவர்களாக இருக்க முடியாது. இருந்தாலும் ஊரில் பொதுவாக ஓரிடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். ஊர் கூடினால்தானே தேர் நகரும்!

நம் சங்கத்திலும் வீட்டுக்கு ஒரு ஓட்டு உண்டு. ஆனால் சென்ற பொதுக்குழு, கோரம் சேராமல் அரை மணி நேரம் தள்ளித் தொடங்கியது. கீழ்த்தளப் பொது அறையும் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். பொது அறையைத் தினமும் மாலையில் திறந்து வைப்பது பற்றிப் பேசுவோம். காபி என் செலவு.